பருத்தி டப்பாவின் புழுக்கள்

உன் பதினாறாம் நாளன்று அரும்பாவூரில் உன் அம்மாவிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது: என் ஆய்வேட்டில் உன் பெயர் இல்லை.

சாப்பிட்டுக் கிளம்பும்போது அம்மா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தார்கள். மூடியை வட்டமாக வெட்டி மெல்லிய துணி ஒட்டியது. பக்கவாட்டில் என் கையெழுத்தில் ‘பருத்தி’ என்று எழுதியிருந்தது. வாடிய இலையும் புழுக்கழிவும் சேர்ந்த அந்தப் புளித்த வாடை துணியை விட்டு இன்னும் போகவில்லை.

“ஒன் சாமான்தானே பாப்பா? நீ ஒங்கப்பாவோட ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒம் புழுவெல்லாம் எம் பொண்ணுதான் பாத்துக்கிட்டாளாம். ஒன்னுகூட சாவலன்னு பெருமையா சொல்லுவா. அந்தப் பொஸ்தவத்துல அவ பேரு இருக்கும்ல?”

“இருக்குங்கம்மா” என்றேன்.

ஒன்றுகூடச் சாகவில்லை. அதை வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறாய்.

எங்கள் குன்னத்தில் பருத்தியைச் சுற்றி வரப்போரம் ஆமணக்கு ஊன்றுவார்கள். இலையைச் சல்லடையாக்கும் புரோட்டீனியா புழு முதலில் அங்கே போகும். எந்த இலையில் அது எப்படி வளர்கிறது என்பதுதான் என் கேள்வி. ஒரே அந்துப்பூச்சியின் முட்டைகளை ஆமணக்கு, நிலக்கடலை, பருத்தி என்று மூன்றாகப் பிரித்தபோது நீ சிரித்தாய். “ஒரு வூட்டுப் புள்ளைங்கள மூணு ஊருக்குத் தத்துக் குடுக்கறடி.” ஆமணக்கு தின்றவை கொழுத்துச் சீக்கிரம் மண்ணுக்குள் போய்க் கூண்டுப்புழு ஆகும். பருத்தி தின்றவை இளைத்து, நாள் இழுத்து, பல செத்தும் போகும். எத்தனை செத்தன என்று எண்ணத்தான் நான் அத்தனை நாள் இலை பறித்தேன்.

அப்பாவுக்கு ஆபரேஷன் என்று நான் திருச்சிக்கு ஓடியபோது டப்பாக்களையும் புழுக்கணக்கு நோட்டையும் கூடப் படித்த உன் கையில்தான் கொடுத்தேன். “போயிட்டு வாடி, நான் இல்ல?” என்றாய். ஆஸ்பத்திரி நாற்காலியில் அந்த நாலு வார்த்தைகளை நம்பித்தான் தூங்கினேன்.

திரும்பி வந்து எடை போட்டேன். பருத்தி டப்பாவில் பாதிக் கூண்டுப்புழுக்கள் சிறுத்திருந்தன, மறுபாதி ஆமணக்கில் வளர்ந்தவற்றின் எடை இருந்தன. அறையில் ஆமணக்கு போட்டு வளர்த்த உபரிப் புழுக்களில் அதே எண்ணிக்கை குறைந்திருந்தது. நோட்டில் தினமும் ‘புது இலை போட்டது. சாவு இல்லை’ என்று உன் எழுத்து. அதில் இரண்டு நாள் நீ உடையார்பாளையத்தில் கல்யாண வீட்டில் இருந்தாய். உன் போன் ஸ்டேட்டஸில் போட்டோ பார்த்திருந்தேன், பட்டுப்புடவை நன்றாக இருக்கிறது என்று பதிலும் போட்டிருந்தேன்.

ஆய்வுக்கு வழிகாட்டும் சார் எடைகளைப் பார்த்தார். “ஒரே டப்பாவுல ரெண்டு வகை எப்படிம்மா வரும்? புழுவ அம்போன்னு விட்டுட்டுப் போனா இப்படித்தான். ஒரு வருசம் போச்சு.” நீ பக்கத்தில்தான் நின்றாய். நீ வாயைத் திறப்பாய் என்று காத்திருந்தேன். நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்ததும் தோளில் கை போட்டாய். “சார் திட்டறது புதுசாடி? விடு. புழுதானே.”

காய்ந்த இலையில் அவை செத்துவிட்டன என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். செத்த இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டு என்னோடு உட்கார்ந்து டீ குடித்தாயே, அதைத்தான் மறக்க முடியவில்லை. அடுத்த பருவம் முழுவதையும் திரும்பச் செய்தேன். பொறுப்பில்லாதவள் என்ற பேச்சு மட்டும் துறையில் கடைசிவரை இருந்தது. நீ எனக்கு முன்பே முடித்து வேலைக்குப் போனாய். உன்னிடம் கேட்க ஒருநாள் வரும் என்று இருந்தேன். அதற்குள் வேப்பந்தட்டை ரோட்டில் உன் ஸ்கூட்டி லாரியில் மோதியது.

டப்பாவை இன்னும் கழுவவில்லை.

போன வாரம் உன் அம்மாவே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. “எந்த எடம் பாப்பா?” என்றார்கள். ஒரு வரியில் விரலை வைத்தேன். அதன்மேல் அவர்களும் விரல் வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

பருத்தியில் செத்த புழுக்களைப் பற்றிய வரி அது.