பிடுங்கிப்போட்ட கிலுகிலுப்பை

29-10-67, ஞாயிறு

காலையில் தூறல். மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் வாசலில் மாமா, அக்கா புருஷன். பிரசவத்தில் அக்கா போய் ஏழு வருஷம். இன்றைக்குத்தான் மகள் ஸ்டெல்லா ஞாபகம். புதுப் பெண்டாட்டி, பெங்களூரில் பாக்டரி வீடு, எல்லாம் ஆயிற்று.

"பெத்தவன் நானு. கூட்டிக்கினு போறேன்."

கேட்கவில்லை, சொன்னார்.

ஸ்டெல்லாவுக்குக் கட்டிக்கொடுத்தது: கவுன் 3, சிலேட்டு, முறுக்கு. சீப்பை மறந்துவிட்டேன்.

அழவில்லை அவள். "பட்டாம்பூச்சி வர்ற நேரம்பா. பார்த்துட்டுப் போலாம்பா" என்று கெஞ்சினாள், அவ்வளவுதான். வருஷா வருஷம் ஐப்பசியில் எங்கள் வேலியோரக் கிலுகிலுப்பைச் செடிக்கு வரும். நாற்பது, ஐம்பது. சேர்ந்து எண்ணுவோம்.

பஸ் போன பிறகு காற்றில் அந்தக் காய்கள் கலகலத்தன. அவள்தான் ஆட்டுகிறாள் என்று எழுந்தே விட்டேன். அப்புறம் ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கிக் கிணற்றடியில் குவித்தேன். உள்ளங்கை எரிகிறது.

2-11-67, வியாழன்

வெயில். கல்லறைத் திருநாள். அக்காவுக்கு மெழுகுத்திரி 2. உன் மகளை அனுப்பிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சோறு இரண்டு பேருக்கு வடித்திருக்கிறேன். மடச்சி.

3-11-67, வெள்ளி

வந்துவிட்டன. பிடுங்கிப்போட்ட குவியல்மேல்! வாடிய தண்டு, சுருண்ட இலை, எங்கும் அப்பிக்கொண்டு. கறுப்பில் வெளிர்நீலப் புள்ளி. இருநூறுக்கு மேல் எண்ண முடியவில்லை.

பக்கத்து வீட்டு கதீஜா அக்கா எட்டிப் பார்த்து, "பச்சையா இருந்தப்போ இம்புட்டு வரலியே டீச்சரம்மா! வாடினாத்தான் புடிக்கும்போல."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஐந்து நாள் பொறுத்திருந்தால் அந்த மனுஷனுக்கு என்ன குறைந்திருக்கும்?

6-11-67, திங்கள்

பெங்களூரிலிருந்து கார்டு. பென்சில் எழுத்து. 'அன்புள்ள சித்திக்கு' என்று ஆரம்பம். போன வாரம் வரைக்கும் நான் அம்மா. யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். கடைசி வரி மட்டும் அவளுடையது.

'பட்டாம்பூச்சி வந்துச்சா? நான் வர்ற வரிக்கும் வரக் கூடாதுன்னு அதுங்ககிட்ட சொல்லிடு.'

குவியல் பக்கத்தில் உட்கார்ந்தே பதில் எழுதினேன். ஒன்று கார்டுமேல் வந்து உட்கார்ந்தது. ஊதித் தள்ளினேன்.

'கண்ணு, சொல்லிட்டேன். இன்னும் ஒண்ணுகூட வரல.'