மேலே போட்ட உத்தரவு

திருவொற்றியூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெனிஷாவுக்கு, நிலவனோட அம்மா மலர்க்கொடி எழுதுவது. புனேவில் குளிர் அதிகம் என்று எண்ணூர் ஆபீசில் அவனோடு வேலை செய்த டில்லிபாபு சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள். நான் இருக்கிறேன்.

நிலவனுக்குக் காரியம் முடிந்தது. அவனை இடித்த அந்தக் கன்டெய்னர் லாரி டிரைவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்களாம். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அவனுடைய ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கேட்கிறார்கள். அவர்கள் பொருள், கொடுத்துவிடுவேன். ஆனால் அதில் என் பிள்ளை குரல் இருக்கிறது. உங்கள் மீட்டிங்குக்காக ஒருநாள் இங்கிலீஷ் பேசிப் பழகி, அதை ரெக்கார்டு பண்ணிக்கொண்டிருந்தான். நான் தெரியாமல் அடுப்படியிலிருந்து, சங்கராவா காரப்பொடியாடா என்று கத்திவிட்டேன். ஐய, இரும்மா, தொரை மாதிரி பேசிகினு கீறேன், நீ மீன் வித்துகினு கீறியே என்றான். அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அழிக்காமல் வைத்து, போட்டுக் காட்டிச் சிரிப்பான்.

டில்லிபாபு வந்து, இத்த ஆன் பண்ணிடாதம்மா, நெட்டு கெடச்சா அல்லாத்தையும் தொடச்சிடும், மேல ஆர்டர் போட்டுட்டாங்கோ என்கிறான். பக்கத்து வீட்டு தப்ரேஸோட வைஃபை நெட்டைத்தான் நிலவனும் பிடித்துக்கொண்டிருந்தான். திறந்தால் அது தானாக ஒட்டிக்கொள்ளும். என் வீட்டிலேயே அதைத் திறக்க வழியில்லை. புடவையில் சுற்றி பீரோவில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

நீயே அந்த உத்தரவை நிறுத்தேன்டா என்றேன். எங்க எண்ணூர் மெஷினு தெருமொனை சின்டெக்ஸ் டேங்க்கு மாதிரிம்மா, லாரி இன்னா ஊத்துதோ அதான் வரும் என்றான். அதற்கு மேலே சென்னை மெஷினாம், அதற்கும் மேலே புனேவாம். அங்கே போட்டதை அங்கேதான் எடுக்க முடியுமாம். நிலவனும் ஏதாவது மாட்டிக்கொண்டால், மேல பெனிஷா கீது, அதாண்ட சொன்னா முடியும் என்பான்.

செவ்வாய்க்கிழமை லேப்டாப்பை வாங்க ஆள் வருகிறது. வாங்கினதும் ஆன் பண்ணிப் பார்ப்பார்களாம். அதனால்தான் இந்தக் கடிதத்தை டில்லிபாபு போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறான்.

உனக்கும் மேலே ஒருத்தர் இருப்பார், தெரியும். அவரிடம் கேள். அந்தக் குரலை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு மற்றதைத் துடைத்துக்கொள்ளட்டும்.

கிடைத்தால் நீயும் ஒன்று வைத்துக்கொள். சாப்பிட்டதும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவான். யாரென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவனே சொல்லட்டும் என்றிருந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு கண்ணு. நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு
உன் அத்தை
மலர்க்கொடி