மூன்று மணி சுக்குக் கோப்பி

என் வளையல்காரி வசந்திக்கு,

உன் வழக்கு நேற்று ஆரம்பித்துவிட்டது. தீபாவளிச் சேலை விற்கிற நேரத்தில் கடையை வேலைக்காரப் பெண்களிடம் விட்டுவிட்டு, காலையிலேயே கோர்ட்டில் போய் உட்கார்ந்தேன். என் மகள் நிச்சயதார்த்தத்துக்கே மத்தியானம்வரை வியாபாரம் பார்த்துவிட்டுப் போனவள் நான். அதை வைத்து நீ என்னைக் கிண்டல் செய்யாத நாள் உண்டா?

உன் கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். நீ கண்ணாடி வளையல் மாட்டிய அதே கம்பியில் அதையெல்லாம் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்றடித்தால் சத்தமே வருவதில்லை. அது எனக்கு இன்னும் பழகவில்லை.

உன் வீட்டுக்காரர் சேகர் கூண்டில் நின்றார். குற்றச்சாட்டை மலாயில் வாசித்ததும் மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: மனைவி வசந்திக்கு நஞ்சு கொடுத்துக் கொலை செய்தது. சேகர் குற்றத்தை மறுத்து விசாரணை கேட்டார். குரலில் நடுக்கம் இல்லை. அவர் செய்தாரா இல்லையா என்று நீதிபதி சொல்லட்டும். நான் சேலை விற்கிறவள், தீர்ப்பு என் சரக்கு இல்லை.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஓர் இளம் மலாய்ப் பெண். எதையெல்லாம் நிரூபிக்கப் போகிறோம் என்று எழுந்து நின்று நிதானமாகச் சொன்னார். தினமும் மூன்று மணிக்குக் கணவர் பாயான் பாரு வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். சிவப்பு பிளாஸ்கில் சுக்குக் கோப்பி கொண்டுவருவார். தன் கையாலேயே மூடியில் ஊற்றிக் கொடுப்பார். மனைவி குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். வேறு யாருக்கும் கொடுக்க விடமாட்டார். பிளாஸ்கை எடுத்துப்போய்த் தானே கழுவுவார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, வசந்தி. இதெல்லாம் நாங்கள் சொன்னதாயிற்றே! நம் வரிசைக் கடைப் பெண்கள் வயிறெரிந்து வயிறெரிந்து சொன்னதை அந்தப் பெண் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு சொன்னார். “கழுவக்கூட அவள விடமாட்டாரு லா, குடுத்து வச்சவ” என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

உன் பிளாஸ்கால் என் வீட்டில் நடந்த சண்டை உனக்குத் தெரியும். துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கிவிட்டு வருகிற என் மனுஷனிடம், சேகரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். அவர் செய்தித்தாளைக்கூட இறக்கமாட்டார். “அவனுக்குக் கோப்பி கலக்க நேரமிருக்கு. எனக்கு இன்னொரு தே கலக்கு” என்பார். நானும் அந்தத் தேநீரைக் கலக்குவேன், சர்க்கரையைக் குறைத்துப் போட்டு.

ஒருநாள் பொறுக்காமல் என் டம்ளரையே நீட்டினேன். “எனக்கும் ஒரு வாய் ஊத்து, அப்படி என்னதான் இருக்கு அதுல?” என்றேன். நீ மூடியைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டு, “இது எனக்கு மட்டும்க்கா” என்றாய். அவரும் பக்கத்தில் நின்று சிரித்தார். அந்த வாரம் முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. புருஷன் கொடுக்கும் கோப்பியில் ஒரு மிடறு தர மனமில்லையே என்று என் கடைப் பெண்களிடம் பொரிந்து தள்ளினேன்.

அது ஆசையில் அணைத்ததா, வசந்தி? இல்லை, என் வாயில் அது பட்டுவிடக் கூடாது என்றா?

இந்தக் கேள்வி நேற்று வந்தது. வரவழைத்தது நம் ஜெயா. நம் இரண்டு கடைக்கும் நடுவில், தூணோரம் வாளிகளை வைத்துப் பூக்கட்டி விற்கிறாளே, அவள்தான் அரசுத் தரப்பின் முக்கியமான சாட்சியாம். கோப்பி கசக்கிறது என்று இறந்தவர் அவளிடம் மட்டும்தான் சொன்னார் என்றார் வழக்கறிஞர். கடைசி மிடறை நீ வாயிலேயே அடக்கிவைத்திருந்து, மோட்டார் சைக்கிள் திரும்பியதும் அவளுடைய வாளிகளுக்குப் பின்னால் சாக்கடைக் கால்வாயில் துப்புவாயாம். அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாளாம்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரம் எனக்கு சேகர்மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. ஜெயாமேல்தான் வந்தது. அவள் நம் தெருவுக்கு வந்து இரண்டு தீபாவளி ஆகவில்லை. நான் உன் பக்கத்தில் கடை போட்டபோது நம் இரண்டு பேர் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வாடகை ஏற்றினபோது இரண்டு பேரும் சேர்ந்துதான் போய்ச் சண்டை போட்டோம். அப்படியிருக்க, கசக்கிறது என்ற ஒரு வார்த்தையை அவளுக்குக் கொடுத்தாய். எனக்குக் கொடுத்தது என்ன? சிரிப்பு.

இடைவேளை விட்டதும் வெளியே போனேன். சாட்சி என்பதால் ஜெயாவை உள்ளே விடவில்லை. பெஞ்சின் ஓரத்தில், கையில் நார் இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாதவள்போல் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“கேஸப் பத்தி யாருகிட்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா.”

“கேஸப் பத்தி யாரு கேட்டா? ஒங்கிட்ட மனசு விட்டவ எங்கிட்ட ஏன் விடல? அத மட்டும் சொல்லு.”

அவள் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தாள். அது வழக்கைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியதுதான், அதனால் சொல்லலாம் என்று நினைப்பதாகச் சொன்னாள். பிறகு உன் குரலையே கொண்டுவந்து சொன்னாள்:

“‘தனமக்காகிட்ட மட்டும் சொல்லிராத ஜெயா. அவங்க பொறாமப்படுறப்பத்தான் நான் நல்லா வாழறேன்னு எனக்கே நம்பிக்க வருது. அது ஒண்ணாச்சும் இருந்துட்டுப் போவட்டும்’னாங்கக்கா.”

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். கோர்ட் வாசலில் அழுகிறவளிடம் யார் சேலை வாங்குவார்கள்?

நேற்று ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். என் கடைக் கண்ணாடிக்குள் பொம்மைக்குக் கட்டியிருக்கும் சேலையைத் தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். நீ என்னை அந்தத் தெருவிலேயே நிற்கவைத்துவிட்டாய். முந்தானையின் கிழிசலைத் தொட்டுப் பார்க்கிற இடத்தில் ஜெயாவை உட்காரவைத்தாய். இது நியாயமா? இப்போதும் எனக்குப் பொறாமைதான். முன்பு உன் கோப்பிமேல். இப்போது, நீ துப்பின இடத்தில் தண்ணீர் ஊற்றினவள்மேல்.

இடைவேளை முடியும்போது ஜெயா இன்னொன்றும் சொன்னாள். அவளை எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாதாம். நேற்றுக் காலை வாங்கின மல்லிகை அப்படியே வாளியில் கிடக்கிறதாம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று பார்க்கிறாளாம். உன் வழக்கில், உன்னை அறிந்த ஒரே ஒருத்தி, பூ வாடுமே என்று பாதியை விழுங்கிவிட்டு வந்தால்?

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவளைக் கூப்பிடுகிற அன்றைக்கு நான் கோர்ட்டுக்குப் போகமாட்டேன். நீ என்னிடம் மறைத்த வசந்தியைப் பற்றி அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க எனக்கு எவ்வளவு ஆசையென்று உனக்கே தெரியும். ஆனால் நான் அவளுடைய வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன். அவள் ஒன்று விடாமல், அவசரம் இல்லாமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வரட்டும். எனக்குப் பூக்கட்டத் தெரியாது. நான் கட்டுகிற சரத்தை யாரும் வாங்காவிட்டால் நானே வாங்கிக்கொள்வேன்.

மூன்று மணிக்கு அந்தக் கால்வாய்ப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன், வசந்தி. இந்தத் தடவை பார்ப்பேன்.

உன் பொறாமைக்காரி,
பக்கத்துக் கடை அக்கா, தனம்