கத்தி வேண்டாம் என்று நான் சொன்னது

வெள்ளிக்கிழமை, ராத்திரி

சின்னு, இன்று காலேஜில் ஜாடி துடைக்கிற வேலை எனக்கு வந்தது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பார்ப்பதற்காக, அறுத்தெடுத்த கட்டிகளை மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிற அறை. ஒரு ஜாடியில் மார்புக் கட்டி இருந்தது. உனக்கு வந்தது மாதிரியே. துடைக்கக் கை வரவில்லை.

மேடம் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் மயக்க மருந்தே கிடையாதாம். நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, முழித்திருக்கும்போதே அறுப்பார்களாம். அதற்கும் ரொம்ப முன்னால், உள்ளே மறைந்திருக்கிற கட்டியை அறுத்தால் சீக்கிரம் செத்துப்போவார்கள் என்று பெரிய வைத்தியர்களே சொன்னார்களாம்.

கூட வேலை செய்கிற மேரி அக்கா என் தோளை இடித்தாள்.

"கேட்டியாடி? டாக்டருங்களே அப்டி சொல்லிகீறாங்கோ. நீ இன்னாத்துக்கு உன்னையே திட்டிகினு கீற?"

"அவங்களுக்கு மயக்க ஊசி இல்லக்கா. நமக்குத்தான் கீதே."

அவள் என் கையிலிருந்த ஜாடியை வாங்கித் துடைத்தாள்.

உன் ஆபரேஷனுக்குக் கொடுத்த தேதியில் நாம் நெமிலிச்சேரி ஸ்டேஷன் வரைக்கும் போனோம். ரயிலும் வந்து நின்றது. "கத்தி பட்டா பரவிடும்டி, ஊட்டுக்கு வா" என்று உன் கையைப் பிடித்து இழுத்தவள் உன் கூடப்பிறந்த அக்கா, நான்தான். வீட்டில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து, நீ செத்துப்போகிற வரைக்கும் பத்துப் போட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ஸ்டேஷன் படி இறங்கும்போது மட்டும் அந்த ரயிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாய்.

ஏறிப் போகத்தான் நினைத்தாயா, சின்னு?