எதிர்க்கடைக்காரர் அனுப்பிய மரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் எங்கள் மரக்கிடங்கில் சின்னதாக ஒரு தீ விபத்து. பயப்படாதீர்கள், என் சால்வை மட்டும்தான் கருகியது. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரைக்காக உலர்த்தி வைத்திருந்த மரமெல்லாம் போய்விட்டது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் வட்டார மர வியாபாரிகள் சங்கத்துக்குப் போன் போட்டேன்.

மறுநாள் காலையில் எதிர்க்கடைக்காரரே லாரியில் மரத்தோடு வந்து இறங்கினார். முதலாளியோடு வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவர்!

முதலாளியிடம் அவர் சொன்னார்: "நம்ம சண்டை அப்படியே இருக்கட்டும்யா. சொன்ன தேதிக்கு மரம் போகலேன்னா இந்தப் பக்கத்து மரக்காரங்க யாரையுமே நம்ப மாட்டாங்க. மொதல்ல சரக்க இறக்கு."

மீதி மரத்தைச் சங்கத்துக்காரர்கள் இன்னும் இருவர் அனுப்பினார்கள். கூரை வேலை நிற்கவில்லை. என்ன மனுஷர்கள் அப்பா!

சங்கத்தில் சேரச் சொன்னால், "போட்டிக்காரனோட டீ குடிக்கவா சந்தா கட்டணும்?" என்பீர்களே, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீங்களும் நம் ஊர் வியாபாரிகள் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். நம் கடையில் ஒன்று என்றால் ஓடிவர நானும் பக்கத்தில் இல்லை.

என் பழைய போர்வையை அம்மாவிடம் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே புதிது கிடைக்கிறது, ஆனாலும் அதுதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேச ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிடாதீர்கள். மேசைமேல் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்