சினிமா எழுத்து

ஏப்ரல் 9, செவ்வாய்

நடீனின் சாப்பாட்டுக் கடை. உட்காருவதற்குள் முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் வந்துவிட்டன.

"மூஞ்சியப் பாரு, ஊரே செத்துட்ட மாதிரி. சாப்பிடுய்யா ஆர்லோ."

இன்று என்னிடம் பேசிய ஒரே ஆள் நடீன்தான்.

ஏப்ரல் 11, வியாழன்

நகரசபைத் தலைவர் ராய்ஸின் ஃபோன். மெயின் தெருப் பலகைகளெல்லாம் 1900க்கு முந்தைய கௌபாய் காலத்து எழுத்து வடிவத்தில்தான் இருக்க வேண்டுமாம். சுற்றுலாக்காரர்களுக்காக.

"எழுத்து வடிவமெல்லாம் படிச்சவன் நீதானே. எது அசல், எது போலின்னு எழுதிக் குடு."

ஊர் முகப்பு வளைவுக்கு நான் வரைந்ததை ஒதுக்கிவிட்டு டென்வர்க்காரனிடம் வேலையைக் கொடுத்த அதே ராய்ஸ். கொடுக்கிறேன். நன்றாகவே கொடுக்கிறேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

தெரு முழுக்க நடந்தேன். அத்தனையும் போலி.

தலையும் காலும் தடித்து, நடுவில் ஒல்லியான இந்த எழுத்தை எந்த கௌபாயும் கண்டுபிடிக்கவில்லை. லண்டனில் பிறந்தது. நம் கிழக்குக் கரை நகரங்களில் மர அச்சாக வெட்டப்பட்டு சர்க்கஸ் டிக்கெட் விற்றது, சோப்பு விற்றது. பிறகு சினிமா அதற்கு முள்ளும் குண்டு துளைத்த ஓட்டையும் வைத்தது. இப்போது கணினியில் தேய்மானத்தோடு சேர்த்தே கிடைக்கிறது. ஆனாலும் தூரத்தில் பார்த்தால் எனக்கும் நெஞ்சு துள்ளுகிறது. அதுதான் எரிச்சல்.

அறிக்கையில், போலிகளின் வரிசையில் முதலில் ராய்ஸின் வளைவு. கடைசியில் நடீனின் பலகை. அவள் கணவன் ஹாங்க் உயிரோடிருந்தபோது வரைந்தது. சேர்க்காமல் விட்டால்? ராய்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் 24, புதன்

நகரசபைக் கூட்டம். வளைவை மாற்றினால் செலவாம், இருக்கட்டுமாம். வக்கீல் வைத்திருக்கும் கடைகளுக்கு அவகாசம். நடீன் பலகை மட்டும் இறங்க வேண்டும். "சினிமா எழுத்து, சரித்திர மதிப்பில்லை" என்று ராய்ஸ் என் பெயரைச் சொல்லி உரக்கப் படித்தான்.

வாசலில் நடீன்: "சினிமா எழுத்துதான்யா. நானும் ஹாங்கும் முதமுதலா சேந்து பாத்த படம். அதுல வந்த எழுத்தப் பாத்துதான் வரைஞ்சாரு. அசலான்னு ஒன்ன யாரு கேட்டா?"

ராய்ஸ் கேட்டான் என்று சொல்லியிருக்கலாம். காருக்கு நடந்தேன்.

ஏப்ரல் 27, சனி

பலகையை இறக்கினார்கள். காரிலேயே இருந்தேன்.

மே 6, திங்கள்

நடீன் கடைக்குப் போனேன். புதுப் பலகை சரியான எழுத்தில், சரியான இடைவெளியில் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

வழக்கமான மேஜை. நடீன் வந்தாள்.

"வாங்க சார். என்ன கொண்டு வரட்டும்?"

மெனு அட்டையை முன்னால் வைத்துவிட்டுப் போனாள். இத்தனை வருடத்தில் அதை நான் திறந்ததே இல்லை. முதலிலிருந்து கடைசி வரை படித்தேன்.