மூன்றாவது இடத்தில் காண்டாமிருகம்

அப்பா,

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். கற்பூரக் கரி, எண்ணெய், உலோகம். உன் தீபாராதனைத் தட்டின் வாசனை, படூரில் இந்த ஆறாவது மாடி வரை வந்துவிட்டது. நாளை நவராத்திரி. நீ இல்லாத இரண்டாவது.

உள்ளே, மாமல்லபுரம் பார்க்க வரும் வெளிநாட்டவர்கள் உன் தட்டில் போட்டுவிட்டுப் போன காசுகள். எந்தக் கடையிலும் செல்லாது. மற்ற அர்ச்சகர்கள் அலுத்துக்கொள்வார்கள். நீ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பாய். வனவிலங்குகளைக் காப்பதற்காக ஏதேதோ நாடுகள் வெளியிட்ட நினைவு நாணயங்கள் சில அவற்றில் இருந்தன. ஒன்றில் மீன். ஒன்றில் கடலாமை. ஒன்றில் சிங்கம். வெளியிட்டவர்களுக்கு அவை அழிந்துவரும் உயிர்கள். உனக்குப் பெருமாள்.

ஒரு வருடம் கொலுவில் தசாவதாரத்தின் முதல் நான்குக்கும் நாணயம்தான் என்று முடிவு செய்தாய். வாமனனிலிருந்து வழக்கமான பொம்மைகள். வராகம் மட்டும் கிடைக்கவில்லை. பன்றியைக் காப்பாற்ற எந்த நாட்டுக்கும் தோன்றவில்லை போலும். மூன்றாவது இடத்தில் நம் நாலணாவை வைத்தாய். அதிலிருந்தது காண்டாமிருகம்.

சுண்டலுக்கு வந்த தேங்காய்க் கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

“இன்னா சாமி, வராகத்துக்கு மூக்கு மேல கொம்பு மொளச்சிகீது?”

“காட்டுல மிச்சம் இருக்கறதே கொஞ்சம்ப்பா. இருக்கறவாள வெச்சுண்டு நடத்தறேன்.”

அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அதன்பின் பயணிகளிடம் அரைகுறை ஆங்கிலத்தில் விசாரிக்கத் தொடங்கினாய். கோயில் வாசலில் நின்று பன்றி கேட்ட ஒரே அர்ச்சகர் நீயாகத்தான் இருக்கும். வருடங்கள் போயின. வராகம் வரவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சி. அங்கே இருந்தது. ஏதோ தீவு நாட்டின் வெள்ளிக்காசு. தந்தங்கள் மேல்நோக்கி வளைந்த காட்டுப்பன்றி. உதவித்தொகை அதோடு போயிற்று. ரயிலில் செங்கல்பட்டு வரும்வரை பையைத் திறந்து திறந்து பார்த்தேன்.

உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாய். “அச்சு அசல்” என்றாய். நான் நாலணாவை எடுக்கக் கை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

“இருக்கட்டும்டீ. இத்தனை வருஷம் நைவேத்யம் வாங்கிண்டு உக்காந்திருந்தவர். நிஜமானவர் வந்துட்டார், நீர் எழுந்திரும்னு எப்படிச் சொல்றது?”

அவதாரம் பத்துதான் என்றேன். அத்தனை தேடிக் கொண்டுவந்ததற்கு ஒரு முழு இடம்கூட இல்லை.

ஆமையை ஒரு விரல் இந்தப் பக்கம் தள்ளினாய். சிங்கத்தை ஒரு விரல் அந்தப் பக்கம். பன்றி உட்கார்ந்தது, காண்டாமிருகத்தின் தோளை ஒட்டி. பதினொரு அவதாரம். எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்டவர்களுக்கு இன்னொரு கை சுண்டல் கொடுத்தாய். மூன்றாம் நாள் நானும் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். அழகாகத்தான் இருந்தது.

வனவிலங்குப் பாதுகாப்பு பற்றிப் பிறகு நிறையப் படித்தேன், அப்பா. அந்த ஒரு விரல் தூரம் எதிலும் இல்லை.

சற்றுமுன், பதினொன்றையும் படியில் அடுக்கி முடித்தபோது, எதிர் வீட்டுக் குழந்தை வந்தாள். கையில் பிளாஸ்டிக் டைனோசர். அதையும் கொலுவில் வைக்க வேண்டுமாம். வாசலிலேயே நின்ற அவள் அம்மா, சொன்னால் கேட்பதில்லை என்று சங்கடப்பட்டாள்.

நான் அதற்குள் கல்கியை நகர்த்திக்கொண்டிருந்தேன்.